தலையில் பட்ட ஊமைக்காயம்: எதற்கு மலையிறங்க வேண்டும், எதற்கு வேண்டாம்?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் மாமனாருக்கு 71 வயது. மூன்று வாரங்களுக்கு முன்பு, மழை பெய்த மறுநாள் காலை, கொல்லைப்புறப் படியில் பாசி வழுக்கி விழுந்து, பின்மண்டை சுவரில் இடித்துக்கொண்டது. ரத்தம் வரவில்லை, மயக்கமும் இல்லை. சின்னப் புடைப்பு மட்டும்தான். எழுந்து வந்து காபி குடித்தார். அன்றே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஐந்தாறு நாட்களாகக் காலையில் தலைவலி என்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார், நடக்கும்போது வலது காலில் செருப்பு கழன்றுபோவதுகூட அவருக்குத் தெரிவதில்லை. வயதாகிவிட்டது, பனிக்காலம் வேறு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? ஒவ்வொரு முட்டலுக்கும் கோயம்புத்தூர் போய்வர எங்களுக்கு வசதியில்லை. எப்படிப்பட்ட அடிக்குப் போக வேண்டும், எப்படிப்பட்டதற்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த காலையிலேயே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பதில் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம், மாமனாரை உடனே அழைத்துக்கொண்டு புறப்படுங்கள் என்று சொன்னேன். நீங்களும் பிற்பகலுக்குள் கோவை போய்ச் சேர்ந்தீர்கள். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் தேங்கி மூளையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். உங்கள் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். வீணாகப் பயப்படுகிறேனா என்று கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் கடைசியாகக் கேட்டீர்களே, எதற்குப் போக வேண்டும், எதற்கு வேண்டாம் என்று, அது இந்த மலையில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் மாமனாருக்குப் பட்டதை ஊமைக்காயம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தோல் கிழியவில்லை, எலும்பு விரியவில்லை, ஆனாலும் உள்ளே காயம் இருந்தது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே தடித்த உறை ஒன்று உண்டு. மூளையின் மேற்பரப்பிலிருந்து அந்த உறைக்குள் ஓடும் பெரிய ரத்தக் குழாய்களுக்கு மெல்லிய சிரைகள் பாலம்போலச் செல்கின்றன. வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குவதால் இடைவெளி கூடி, அந்தச் சிரைகள் இழுத்துக் கட்டிய நூல்போல விறைப்பாக நிற்கின்றன. இளைஞர் ஒருவர் தலையைத் தேய்த்துக்கொண்டே எழுந்துபோய்விடக்கூடிய அதே இடிக்கு, முதியவரின் தலைக்குள் இப்படிப்பட்ட சிரை ஒன்று அறுந்துவிடலாம். சிரையிலிருந்து ரத்தம் பீறிடாது, மெதுவாகக் கசியும். அதனால் அன்று ஒன்றும் தெரியாது. கசிந்த ரத்தத்தைச் சுற்றி உடல் மெல்லிய சவ்வு ஒன்றை வளர்க்கிறது. அந்தச் சவ்வில் புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் பலமற்றவை என்பதால் அவையும் அவ்வப்போது கசிகின்றன. இப்படி இரண்டு மூன்று வாரங்களில், சிலருக்கு இன்னும் அதிக காலத்தில், தேக்கம் பெருகுகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி ஆகையால் மூளைதான் ஒதுங்கி இடம் தர வேண்டியிருக்கிறது. இடப்பக்க மூளை உடலின் வலப்பக்கத்தை ஆள்வதால், அவருக்கு வலது கால் செருப்பு நழுவியது.

அதைக் கவனித்தது நீங்கள். எங்களிடம் வரும் முதியவர்களில் பலருக்கு இந்த நிலை பக்கவாதம் என்றோ மறதி நோய் என்றோ முதலில் தவறாக எண்ணப்படுகிறது. விழுந்ததையே குடும்பம் மறந்திருக்கும், அல்லது அவ்வளவு சிறிய விழுதலைச் சொல்ல வேண்டியதில்லை என்று விட்டிருக்கும். அவரோடு ஒரே வீட்டில் இருந்து, நேற்று இப்படி இல்லையே என்று சொல்லக்கூடிய ஒருவரின் பார்வைக்கு நான் ஸ்கேனுக்கு அடுத்தபடியாக மதிப்புத் தருகிறேன். வயதாகிவிட்டது என்பது விளக்கமே ஆகாது. வயது ஆண்டுக்கணக்கில் மாற்றும். ஆறே நாட்களில் ஒருவரை மாற்றாது.

எக்ஸ்ரே நன்றாக இருந்ததே என்று உங்கள் கணவர் தொலைபேசியில் கேட்டார். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ரத்தத்தைக் காட்டாது. மண்டையோட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே ரத்தம் தேங்கலாம். தேவைப்படுவது சிடி ஸ்கேன். படம் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். அடிபட்ட அன்று எடுத்த சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் இருந்து, வாரங்கள் கழித்து எடுக்கும்போது தேக்கம் தெரிவதும் உண்டு. ஆகவே முதல் நாள் அறிக்கை கையில் இருக்கிறது என்பதற்காகப் பின்னால் வரும் மாற்றங்களைத் தள்ளிவிடக்கூடாது.

மலையில் இந்த ஆபத்தை மறைக்கும் காரணங்கள் சமவெளியைவிட அதிகம் என்று இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றுகிறது. தலைவலி வந்தால் பனி இறங்கிவிட்டது என்கிறோம். நாள் முழுவதும் கம்பளிக் குல்லாவும் மப்ளரும் இருப்பதால் காதுக்குப் பின்னால் கன்றியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. குளிரில் முடங்கித் தூங்குவது இங்கே இயல்பாகத் தெரிகிறது. மிகவும் கவலை தருவது வாந்திதான். தலையில் அடிபட்டவர் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது உள்ளே அழுத்தம் கூடுவதற்கு அடையாளமாக இருக்கலாம். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் பேருந்தில் யார் வாந்தி எடுத்தாலும் நாம் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார வைக்கிறோம். பைக்கில் சறுக்கி விழுந்து, பிறகு பேருந்தில் ஊர் திரும்பும் பையன் வழியில் வாந்தி எடுத்தால், அது வளைவின் குற்றமா தலையின் குற்றமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. விழுந்தது தெரிந்திருந்தால் தலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது மெதுவான வகை. இன்னொரு வகை சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகக்கூடியது, அது பெரும்பாலும் இளையவர்களைத் தாக்குகிறது. நெற்றிப்பொட்டுப் பகுதியில் மண்டையோடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே அடி பட்டு எலும்பு விரிந்தால் அந்தத் தமனி கிழிந்து, உறைக்கு வெளியே வேகமாக ரத்தம் சேரும். இதில் கொடுமை என்னவென்றால், அடிபட்டவர் சிறிது மயங்கி எழுந்து, அல்லது மயங்காமலே, நன்றாகப் பேசி, நடந்து, சாப்பிட்டு, இடையில் ஒரு நல்ல நேரம் கழிந்த பிறகே சரிகிறார். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும்போது தொடக்க நிலையினருக்கான சரிவில் விழுந்தார். தனக்கு ஒன்றுமில்லை என்றார். முதலில் வந்த ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. இரண்டு நாட்களில் இறந்தார். நம் நாட்டுக் கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்தபோது பந்து தலையில் பட்டது. மைதானத்தை விட்டு நடந்தே வெளியேறினார். பிறகு நினைவிழந்து, மூன்றாம் நாள் உயிரிழந்தார். வயது 38. இருவருமே எழுந்து நடந்தவர்கள்; எழுந்து நடந்துவிட்டார் என்பதைத்தான் நாமும் ஒவ்வொரு முறையும் ஆறுதலாகச் சொல்லிக்கொள்கிறோம்.

நானும் ஒரு முறை அப்படி ஆறுதல் கொண்டேன். பணிக்கு வந்த புதிதில், ஒரு சிறிய மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தபோது, கேரட் மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவரை நண்பர்கள் தாங்கி அழைத்து வந்தார்கள். லாரியின் பின்பலகையிலிருந்து விழுந்திருந்தார். சாராய வாடை அடித்தது. கேட்டதற்குக் குழறிக் குழறிப் பதில் சொன்னார். காயத்துக்குத் தையல் போட்டு, போதை தெளியட்டும், காலையில் வாருங்கள் என்று அனுப்பினேன். காலையில் அவரை எழுப்ப முடியவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பலனில்லாமல் போயிற்று. குழறல் போதையினாலா அடியினாலா என்பதை வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்று பாடத்தில் படித்திருந்தேன். படித்தும் அந்த வாடையை நம்பினேன். அன்று முதல், குடித்துவிட்டு விழுந்தவரை, குடிக்காமல் விழுந்தவரைவிடக் கூடுதல் கவலையோடுதான் பார்க்கிறேன். குடிப்பழக்கம் நீண்டகாலமாக உள்ளவர்களுக்கு ரத்தம் உறையும் தன்மையும் குறைந்திருக்கும், மூளையும் வயதுக்கு முந்திச் சுருங்கியிருக்கும். அவரைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மருத்துவ அறிக்கைகளில் 'லேசான தலைக்காயம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்களுக்கு ஒரு விளக்கம். கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னெட்டும் 1974-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தருகிறோம்; மொத்தம் 15. அதில் 13 முதல் 15 வரை பெற்றால் லேசானது என்று எழுதுகிறோம். பரிசோதித்த அந்த நிமிடத்தில் அவருடைய நினைவு எப்படி இருந்தது என்பதை மட்டுமே அந்தச் சொல் குறிக்கிறது. அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அதில் எந்த உறுதியும் இல்லை.

சரி, எதற்குப் போக வேண்டும்? விழுந்த உயரம், வயது, சாப்பிடும் மாத்திரை, பிறகு தோன்றும் மாற்றம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அடிபட்டுச் சிறிது நேரம் நினைவு தப்பியவர்கள், நடந்தது மறந்துபோனவர்கள், குழம்பியவர்கள் ஆகியோரில் யாருக்கு ஸ்கேன் தேவை என்று கனடா மருத்துவர்கள் 2001-இல் வகுத்த விதி உலகெங்கும் பயன்படுகிறது. அதன்படி 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தவர், அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் தெளிவு முழுமையாகத் திரும்பாதவர், மண்டையோடு உடைந்ததற்கான அடையாளம் உள்ளவர் ஆகியோர் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். மூன்றடி உயரத்துக்கு மேலிருந்தோ ஐந்து படிகளிலிருந்தோ விழுந்தவருக்கும், வண்டி மோதியவருக்கும், அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரம் நினைவில் இல்லாதவருக்கும் ஸ்கேன் பற்றி யோசிக்க வேண்டும். நம் தேயிலைச் சரிவில் காட்டெருமைக்குப் பயந்து ஓடி, கல் கட்டிய வரப்பிலிருந்து கீழ்ப் பாத்திக்கு விழுகிறவர் மூன்றடிக்கு மேல்தான் விழுகிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த விதிக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு அதைவிடக் கடுமையான எச்சரிக்கை தேவை. வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவையாக இருந்தால், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது. உங்கள் மாமனார் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வகைக்கும் ஏறத்தாழ அதையே சொல்வேன், முக்கியமாக வயதும் கூடியிருக்கும்போது. ஆனால் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக்கூடாது. ஸ்டென்ட் உள்ளவர் திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

வயது எதுவாக இருந்தாலும், தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுவது, எழுப்பினால் சரியாக விழிக்காதது, பேச்சு குழறுவது, ஒரு கையோ காலோ தளர்வது, வலிப்பு, கருவிழியின் நடுவில் உள்ள கண்மணிகளில் ஒன்று மற்றதைவிட அகன்றிருப்பது, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல வடிவது, அடி படாத கண்களைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலமாகக் கன்றுவது ஆகிய எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தூளியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ விழுந்த, ஒரு வயது நிறையாத குழந்தையை எப்படியும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதற்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. பால் குடிக்க மறுப்பது, ஓயாமல் சிணுங்குவது, அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, தலையின் பக்கவாட்டில் மெத்தென்று வீங்குவது ஆகியவை அவசர அடையாளங்கள்.

இனி, எதற்கு வேண்டாம். மாத்திரை ஏதும் சாப்பிடாத, குடித்திராத, 65-க்குக் கீழுள்ள ஒருவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார், நினைவு தப்பவில்லை, நடந்தது முழுவதும் ஞாபகம் இருக்கிறது, தலைவலி லேசாக இருந்து குறைந்துவருகிறது என்றால் மலையிறங்க வேண்டியதில்லை. இடிபடுகிற பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; பயத்தினால் தேவையற்ற ஸ்கேன் எடுப்பதும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, நல்லதல்ல. ஆனால் முதல் 24 மணி நேரம் அவரைத் தனியாக விடாதீர்கள். தூங்கவே விடக்கூடாது என்ற நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. தூக்கம் கெடுதல் செய்யாது, தூக்கம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது மயக்கமாக இருந்துவிடலாம் என்பதுதான் பயம். முதல் இரவு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள். 'ம்' என்று முனகினால் போதாது. என்ன கிழமை, இரவு என்ன சாப்பிட்டோம் என்று கேட்டு, சரியான பதில் வாங்குங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். ப்ரூஃபன், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின் வகைகளும் தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது. புடைப்பில் துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்ந்த நீரில் நனைத்த துணியோ வைக்கலாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், வெளியே வீங்கிவிட்டால் உள்ளே பயமில்லை என்று தேறிக்கொள்வதும் வேண்டாம். வெளிவீக்கத்துக்கும் உட்கசிவுக்கும் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. பள்ளியில் விளையாடித் தலை மோதிக்கொண்ட பிள்ளைக்குத் தலைவலி, தலைசுற்றல், கவனக் குறைவு ஆகியவை முழுவதும் நீங்கி, மருத்துவரும் சரி என்று சொல்லும்வரை மறுபடி மைதானத்துக்கு அனுப்பக்கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை திடீரென்று வீங்கிவிடும் நிலை அரிதானாலும் உயிருக்கே ஆபத்தானது.

முதியவர் விழுந்த நாளைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். இரண்டு மூன்று மாதங்கள்வரை நடை, பேச்சு, தூக்கம், ஞாபகம் இவற்றில் எது மாறினாலும் அந்த வட்டத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து சாலை அடைபடுவதும், மாலையானால் மூடுபனியில் வண்டி ஊர்ந்துதான் போக முடிவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்கே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. எனவே பகலில் சந்தேகம் வந்தால் பகலிலேயே முடிவெடுங்கள், மாலைவரை பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நோயாளியைத் தனியாகப் பேருந்தில் அனுப்பாமல், மாற்றத்தை நேரில் பார்த்தவர் உடன் செல்ல வேண்டும். மாத்திரை அட்டைகளையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாமனாருக்கு மண்டையோட்டில் சிறிய துளையிட்டு, தேங்கிய ரத்தத்தைக் கழுவி வெளியேற்றியிருக்கிறார்கள். காலம் கடக்காமல் செய்தால் நல்ல பலன் தரும் சிகிச்சை இது; முதியவர்களும் தாங்குவார்கள். இருந்தாலும் சிலருக்குச் சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் ரத்தம் சேரும். குறித்துக் கொடுத்த நாளில் மறு ஸ்கேனுக்குத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். ஸ்டென்டுக்கான மாத்திரையை எந்த நாளில், எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். இருவரிடமும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கொல்லைப்புறப் படியில் பிளீச்சிங் பவுடர் தூவிப் பாசியைச் சுரண்டிவிட்டு, பக்கத்தில் கைப்பிடிக்கு ஒரு குழாய் நட்டுவிடச் சொல்லுங்கள். தினமும் காலையில் அவர் முற்றத்தில் நாலு எட்டு நடக்கும்போது பின்னாலிருந்து காலைப் பாருங்கள். வலது செருப்பு மறுபடியும் நழுவினால், அது எந்த நாளாக இருந்தாலும், முன்பு அழைத்த அதே எண்ணில் எனக்குச் சொல்லிவிட்டு உடனே புறப்படுங்கள்.